விருந்து, சடங்கு, எச்சில் தட்டு: பங்கேற்பு நிர்மாணக் கலை பற்றிச் சில குறிப்புகள்

1

1992இல் நியூயார்க் நகரத்தின் சோஹோ பகுதியில், 303 காலரி என்ற கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி. உள்ளே போனால் சுவரில் படம் இல்லை, பீடத்தில் சிற்பம் இல்லை. அலுவலக அறையிலும் சாமான் அறையிலும் இருந்த சகலமும் முன்கூடத்துக்கு இழுத்து வரப்பட்டிருக்கின்றன. காலரியின் இயக்குநர் வருகிறவர் போகிறவர் கண்முன்னால் உட்கார்ந்து தன் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலியான பின்னறையில் கேஸ் அடுப்பு, மடக்கு மேசை, மடக்கு ஸ்டூல், காகிதத் தட்டு. ரிர்க்ரித் திராவனிஜா என்ற தாய்லாந்துக் கலைஞர் அங்கே தம் ஊர்க் குழம்பு வைத்து, சோறாக்கி, வந்தவர்களுக்கெல்லாம் போடுகிறார். காசு கிடையாது. அவர் இல்லாத நேரத்தில் எச்சில் தட்டுகளும் அழுக்குப் பாத்திரமும் காலிப் பொட்டலங்களும் அப்படியே காட்சிக்குக் கிடக்கின்றன. இந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் 'தலைப்பில்லாதது (இலவசம்)'.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தரிடம் இதைச் சொன்னால் என்ன கேட்பார்? "சோறு போடறது ஒரு கலையாய்யா? கோயில்ல தெனம் மத்தியானம் நடக்கறதுதானே!" கேள்வி நியாயமானது. அதை நக்கலாக எடுத்துக்கொள்ளாமல் விமர்சனக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அன்னதானம் ஏன் கலை ஆவதில்லை, கலைக்கூடத்தில் போட்ட சோறு ஏன் கலை ஆகிறது என்று கேட்கிறபோதே, கலை எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இன்ஸ்டலேஷன் என்று சொல்லப்படும் நிர்மாணக் கலை, பார்வையாளரைப் பொருளுக்கு எதிரே நிறுத்தாமல் ஒரு இடத்துக்குள் நுழைய வைக்கிறது. அதில் ஒரு கிளை, பார்வையாளர் ஏதாவது செய்தால்தான் படைப்பே நிகழும் என்கிறது. சாப்பிட வேண்டும், எழுத வேண்டும், எடுத்துக்கொண்டு போக வேண்டும், யாருக்காவது கொடுக்க வேண்டும். பங்கேற்பு நிர்மாணம் என்று இதைச் சொல்லலாம். இந்தக் கிளையில்தான் சடங்கும் ஆன்மீகமும் விருந்தோம்பலும் திரும்பத் திரும்ப வந்து சேர்கின்றன. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பதிலின் ஒரு பாதி திராவனிஜாவிடமே இருக்கிறது. சிகாகோவில் மாணவராக இருந்தபோது, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தன் நாட்டுப் பானைகளையும் புத்தர் உருவங்களையும் பார்த்ததிலிருந்து தன் யோசனைகள் கிளம்பியதாக அவர் சொல்லியிருக்கிறார். பானை சமைக்க, புத்தர் கும்பிட. இரண்டுமே புழக்கத்திலிருந்து பிடுங்கப்பட்டு 'கலைப்பொருள்' ஆக்கப்பட்டவை. 1917இல் மார்சல் துஷாம்ப் மூத்திரக் கோப்பையைப் புழக்கத்திலிருந்து எடுத்துக் கலை என்றார். திராவனிஜா அதைத் தலைகீழாக்கினார்: கலை என்று அடைத்து வைத்ததை எடுத்து மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

நிக்கோலா பூரியோ என்ற பிரெஞ்சு விமர்சகர் 1998இல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு 'உறவுநிலை அழகியல்' என்று பெயர் வைத்தார். கலைஞர் செய்வது பொருளை அல்ல, மனிதர்களுக்கிடையில் ஒரு சந்திப்பை என்றார். நுகர்வுச் சமூகம் மனிதர்களைத் தனித்தனிக் கூறாக்கிவிட்ட நிலையில் இது ஒரு சின்ன இடைவெளி, ஒரு மூச்சுவிடுகிற இடம் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் சந்திப்பு நடந்தால் போதுமா? யார் யாரைச் சந்தித்தார்கள், யார் கதவைத் திறந்தார்கள், கடைசியில் யார் தட்டைக் கழுவினார்கள்? விருந்தோம்பல் கலையை அளக்க வேண்டியது வாசலிலும் கழுவுகிற இடத்திலும்தான் என்பது என் கட்சி. நடுக்கூடத்தில் எல்லா விருந்தும் நன்றாகத்தான் இருக்கும்.

2

முதலில் சடங்கு. சடங்கு என்றாலே நம்மில் பலருக்கு ஒரு ஒவ்வாமை. அது புரோகிதத்தின், சாதியின், மூடநம்பிக்கையின் இடம் என்று பழக்கப்பட்டிருக்கிறோம். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆனால் அமைப்பாக மட்டும் வைத்துப் பார்த்தால் சடங்கில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: கடக்க வேண்டிய ஒரு வாசல், உடம்பு எடுக்க வேண்டிய ஒரு நிலை, மாறாத ஒரு வரிசை, கைமாறுகிற ஒரு பொருள். இதில் நம்பிக்கை கட்டாயமில்லை. கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்ன நம்புகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் கையை எப்போது குவிக்கணும் என்று உடம்புக்குத் தெரியும். சடங்கு மனசுக்குள் இருப்பதல்ல, உடம்பில் எழுதப்படுவது.

தைவானில் 1964இல் பிறந்து அமெரிக்காவில் படித்த லீ மிங்வே இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டவர். 1998இல் தொடங்கிய அவருடைய 'கடிதம் எழுதும் திட்டம்' மூன்று சின்ன அறைகள். மரமும் மங்கிய கண்ணாடியும் கொண்டவை. ஒன்றில் நின்றுகொண்டு எழுத வேண்டும், ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் மண்டியிட்டு. பௌத்தத் தியான நிலைகளிலிருந்து எடுத்தவை. நன்றி, தெளிவு, மன்னிப்பு — சொல்லாமல் விட்டுப்போன இவற்றில் ஒன்றை, உயிரோடு இருப்பவருக்கோ இறந்தவருக்கோ கடிதமாக எழுதலாம். அவருடைய பாட்டியின் மரணத்துக்குப் பிறகு வந்த யோசனை இது. உறை ஒட்டி முகவரி எழுதினால் அருங்காட்சியகம் தபாலில் சேர்க்கும். ஒட்டாமல் வைத்தால் அடுத்து வருகிறவர் எடுத்துப் படிக்கலாம். அந்தரங்கம், பொது என்ற பாகுபாடு ஒரு பசைக் கோட்டில் வந்து நிற்கிறது. ஒட்டுவதா வேண்டாமா என்று எழுதியவர்தான் தீர்மானிக்கிறார்.

இவருடைய 'சாப்பாட்டுத் திட்டம்' 1997 வாக்கில் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து சாப்பிட்டுப் பேசுவது, அவ்வளவுதான். பிறகு அருங்காட்சியகங்களில் நடந்தபோது, விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கலில் ஒருவர். பார்வையாளர் நேரம் முடிந்தபின் ஒரே ஒரு விருந்தாளி. 2009இல் செய்த 'நகரும் தோட்டம்' இன்னும் எளிமையானது. கருங்கல் மேடையில் ஒரு பிளவு, அதில் பூக்கள். ஒரு பூவை எடுத்துக்கொண்டு போகலாம், ஒரே நிபந்தனையோடு: வழக்கமான வழியை விட்டு வேறு வழியில் போய், தெரியாத ஒருத்தருக்கு அதைக் கொடுக்கணும். 2013இல் தொடங்கிய இன்னொரு வேலையில் ஒரு பாடகர் கூடத்தில் யாரோ ஒரு பார்வையாளரிடம் வந்து, ஒரு பாட்டைப் பரிசாகத் தரலாமா என்று கேட்கிறார். சம்மதித்தால் நாற்காலியில் உட்கார வைத்து, அந்த ஒருவருக்காக மட்டும் ஷூபர்ட்டின் பாட்டு. 2020இல் பெர்லினில் நடந்த அவருடைய பெரிய கண்காட்சிக்கு 'லி' என்ற சீன எழுத்தைத்தான் தலைப்பாக வைத்தார்கள். சடங்கு, மரியாதை, பரிசு மூன்றும் அந்த ஒரு எழுத்துக்குள் அடங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சடங்கிலிருந்து கடவுள் கழற்றப்பட்டாலும் கடமை மட்டும் மிஞ்சுவது. பூவை வாங்கியவர் கடன்பட்டவர் ஆகிறார். ஆனால் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, மூன்றாமவருக்குத்தான் கொடுக்கணும்.

கியூபாவில் பிறந்த ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்த வேலை இந்த இடத்தில் கட்டாயம் வர வேண்டும். ஒரு மூலையில் பளபளக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய்க் குவியல். உத்தேச எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. அந்த வருஷம் எய்ட்ஸில் இறந்துபோன அவருடைய காதலர் ராஸின் உடம்பு ஆரோக்கியமாக இருக்கும்போது இருக்க வேண்டிய எடை அது. பார்க்க வருகிறவர் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். குவியல் குறையும், நோயாளி மெலிவது மாதிரி. அருங்காட்சியகம் மறுபடி நிரப்பலாம். கத்தோலிக்க நற்கருணை ஞாபகத்துக்கு வராமல் போகாது: இது என் சரீரம். ஆனால் எய்ட்ஸ் வந்தவரைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் பயந்துகிடந்த நேரத்தில், ஒரு தன்பாலின காதலரின் உடம்பை முன்பின் தெரியாதவர்கள் நாக்கில் வைக்கும்படி செய்தது எந்தத் திருச்சபையும் அனுமதித்த சடங்கு அல்ல. 1996இல் கொன்சாலஸ்-டோரஸும் எய்ட்ஸிலேயே இறந்தார். குவியல் இன்னும் நிரப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது.

3

இனி விருந்தோம்பல். 'விருந்து' என்ற சொல்லுக்குத் தமிழில் புதுமை என்று பொருள் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளில் ஒன்றாக இதைச் சொல்வது புதிதாகத் தொடுக்கப்படும் செய்யுளைத்தான். அப்படிப் பார்த்தால் விருந்து என்பவர் மாமனோ மச்சானோ அல்ல. முன்பு தெரியாதவர், புதிதாக வந்தவர். புதியவரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாச் சமூகமும் மாட்டிக்கொள்கிறது. லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்ற சொல் முதலில் அந்நியரைக் குறித்து, அப்புறம் எதிரியைக் குறிக்கப் போய்விட்டது. பிரெஞ்சில் விருந்து கொடுப்பவருக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான்.

1997இல் புத்தகமாக வந்த வகுப்புரைகளில் ழாக் தெரிதா இந்தச் சொற்களின் குழப்பத்தைத்தான் கட்டவிழ்க்கிறார். இம்மானுவேல் கான்ட் 1795இல், அந்நியருக்கு வந்துபோகும் உரிமை உண்டு, தங்கும் உரிமை கிடையாது என்று வரையறுத்தார். அது நிபந்தனையுள்ள விருந்தோம்பல். விசா, பாஸ்போர்ட், அகதி முகாம் எல்லாம் அதன் வாரிசுகள். நிபந்தனையற்ற விருந்தோம்பல் என்றால், பேர் கேட்கக் கூடாது, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கக் கூடாது, வருகிறவரை அப்படியே ஏற்க வேண்டும். (எந்த ஊர், எந்தத் தெரு என்று நம்ம பக்கத்தில் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) ஆனால் 'என் வீடு' என்று ஒன்று இருந்தால்தானே வா என்று கூப்பிட முடியும்? வீட்டின் மேல் உள்ள அதிகாரத்தை முழுசாக விட்டுவிட்டால் விருந்து கொடுப்பவரே இல்லாமல் போகிறார். விடாமல் வைத்திருந்தால் அது எசமான் போடுகிற சோறு. இந்த முரணுக்குத் தீர்வு இல்லை என்பதுதான் தெரிதா சொல்வது. தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் வன்முறை தொடங்குகிறது.

நான் இதோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் இல்லறவியலில் வருகிறது. விருந்தோம்புகிறவர் இல்லறத்தார், புண்ணியமும் புகழும் அந்த வீட்டின் பெயரில் சேர்கின்றன. அடுப்படியில் வெந்த கைக்குப் பேர் உண்டா? தெரிதாவின் தத்துவத்திலும் கதவுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், கதவைத் தட்டுகிற அந்நியர் இருக்கிறார், சமையற்கட்டு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. விருந்தோம்பலுக்கு இரண்டு பேர் போதும் என்று எழுதுகிறார்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும்: கூப்பிடுகிறவர், வருகிறவர், சமைத்துக் கழுவுகிறவர்.

இப்போது 303 காலரிக்குத் திரும்பிப் போகலாம். கிளேர் பிஷப் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் 2004இல் 'அக்டோபர்' இதழில் எழுதிய கட்டுரையில் பூரியோவைப் பிடித்து உலுக்கினார். உறவு உண்டாகிறது சரி. என்ன வகை உறவு, யாருக்காக, எதற்காக? அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் கலை உலகத்துக்காரர்களே. அவர்களுக்குள் ஏற்கனவே பொதுவாக நிறைய இருந்தது. அங்கே நடந்தது வம்பளப்பு, ஜனநாயகம் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். முரண் இல்லாத இடத்தில் ஜனநாயகம் இல்லை என்றார். இந்த விமர்சனம் முக்கால்வாசி சரி. ஆனால் பிஷப்பும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களைத்தான் எண்ணுகிறார்.

அந்த வேலையை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கி 2011இல் காட்சிக்கு வைத்தது. இப்போது பெயர் 'இலவசம்/அசையாதது'. மத்தியான வேளைகளில் காய்கறிக் குழம்பும் சோறும். சமைத்தது கலைஞர் அல்ல, அருங்காட்சியக உணவகத்தின் ஊழியர்கள். அதே வருஷம் செப்டம்பரில் அந்த அருங்காட்சியகம் நுழைவுக் கட்டணத்தை 20 டாலரிலிருந்து 25 டாலராக ஏற்றியிருந்தது. ஆக, 25 டாலர் கொடுத்து உள்ளே போனால் சோறு இலவசம். 1992இல் பின்னறையை முன்னால் கொண்டு வந்தது அந்த வேலையின் உயிர். கலைக்கூடம் எப்படி நடக்கிறது, கணக்கு வழக்கு எங்கே இருக்கிறது என்று காட்டியது. 2011இல் குழம்பு மட்டும் வந்தது, கணக்கு வழக்கு டிக்கெட் கவுண்டரோடு நின்றுவிட்டது. எச்சில் தட்டை யார் எடுத்தார்கள் என்பது படைப்பின் பகுதியாக இல்லாமல் வீட்டு நிர்வாகம் ஆகிவிட்டது.

கழுவுவதையே கலையாக்கியவர் ஒருவர் இதற்கு வெகு முன்பே இருந்தார். மியர்ல் லேடர்மன் யூகெலஸ், யூத ரபியின் மகள். குழந்தை பிறந்தபின் கலைஞர் என்ற வாழ்க்கையும் துணி துவைக்கிற வாழ்க்கையும் இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்து 1969இல் 'பராமரிப்புக் கலை' அறிக்கையை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளையும் தரையையும் பார்வையாளர் நேரத்தில் தானே கழுவித் துடைத்தார். 1979இலிருந்து 1980 வரை நியூயார்க் நகரத்தின் சுகாதாரத் துறையில் குப்பை அள்ளுகிற 8,500 தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய், கையைப் பிடித்துக் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். இந்த வேலையின் பெயரிலேயே 'தொடுதல்' இருக்கிறது. தொடுதல் என்ற சொல் நமக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வாசகம், அதே கைகுலுக்கல், 8,500 தடவை. சடங்கு என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. நன்றி சொன்னதால் சம்பளம் கூடவில்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மூன்றாமவரின் கை இங்கே நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

4

இங்கிருந்து நம்ம ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கலைஞரிடம் வருகிறேன். ஜெர்மனியின் வுல்ஃப்காங் லைப், 1950இல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்துவிட்டு, அதைத் தொழிலாகச் செய்யாமல் கலைக்கு வந்தவர். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தோடு அவர் குடும்பத்துக்கு நீண்ட காலத் தொடர்பு. பின்னாளில் மதுரைக்கு அருகே ஒரு வேலைக்கூடமும் வைத்துக்கொண்டார். 1975இல் தொடங்கிய அவருடைய 'பால்கல்' புகழ்பெற்றது. வெள்ளைச் சலவைக்கல்லின் மேற்பரப்பை மிக லேசாகக் குழித்து, அதில் விளிம்பு வரை பால் ஊற்றுவது. கல்லா பாலா என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை கலைஞர் ஊற்றுவார். அப்புறம் தினமும் கழுவித் துடைத்து மறுபடி ஊற்றுவது அருங்காட்சியக ஊழியர்களின் வேலை. பித்தளைத் தட்டுகளில் அரிசிக் குவியல்களை வரிசையாக வைத்து 'சோற்று உணவுகள்' என்றும் செய்திருக்கிறார். ஒன்பது கிரகங்களுக்கான உணவு என்பது 1983இல் செய்த ஒன்றின் பெயர்.

அழகாக இருக்கும், மறுக்கவில்லை. தினசரி ஊற்ற வேண்டியிருப்பதால் அருங்காட்சியகமே ஒரு நித்தியக் கட்டளைக்குள் வந்துவிடுகிறது என்பதும் நல்ல யோசனை. ஆனால் திராவனிஜாவின் சோற்றுக்குப் பக்கத்தில் இந்த அரிசியை வைத்துப் பாருங்கள். இதை யாரும் சாப்பிட முடியாது. சுற்றி நிற்கலாம், கும்பிடாத குறையாகப் பார்க்கலாம், தொடக்கூடாது. விருந்து படையலாகிவிட்டது. படையலுக்கும் விருந்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நன்றாகத் தெரியும்: படையலில் யார் கிட்டே போகலாம் என்பதற்கு விதி உண்டு.

2009இல் இத்தாலியின் துரின் நகரத்தில் மெர்ஸ் அறக்கட்டளையில், தென்னிந்தியாவிலிருந்து பிராமணப் புரோகிதர்களை வரவழைத்து வேள்வி நடத்தியது லைபின் கண்காட்சி. ஐரோப்பியப் பார்வையாளருக்கு அது தீ, நெய், ஓசை, காலம் கடந்த ஏதோ ஒன்று. நமக்கு அப்படி இருக்க முடியாது. அந்தத் தீயின் பக்கத்தில் உட்கார யாருக்கு உரிமை என்று பிறப்பை வைத்துத் தீர்மானிக்கிற ஒரு ஒழுங்கு, கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவருக்குள் வந்தவுடன் 'ஆன்மீகம்' என்று பேர் மாறிவிடுகிறது. இதை லைபின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். வெள்ளைச் சுவர் என்ற அமைப்புக்கு வரலாற்றைத் துடைத்து வடிவத்தை மட்டும் நிறுத்துகிற சக்தி இருக்கிறது. பானையையும் புத்தரையும் கண்ணாடிக்குள் வைத்த அதே சக்தி.

பந்தி என்பது இந்த நாட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற விஷயமாக இருந்ததே இல்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி வெளியானபோது தமிழக அரசியலின் போக்கே மாறியது. தேசியக் கல்வி என்ற பெயரில் நடந்த ஓரிடத்தின் உண்மை, சாப்பாட்டு அறையில்தான் தெரிந்தது. அந்த ஞாபகம் உள்ள ஒரு வாசகர், 'சேர்ந்து சாப்பிடுவது தானாகவே ஆன்மீகம்' என்று சொல்கிற எந்தக் கலைக் கோட்பாட்டையும் அப்படியே விழுங்க முடியாது.

5

அப்படியானால் இந்தக் கிளையையே தள்ளிவிடலாமா? கூடாது. வாசலையும் கைகளையும் மறைக்காமல் செய்யப்பட்ட வேலைகள் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

மைக்கேல் ரகோவிட்ஸ், 1973இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி தாத்தா 1946இல் இராக்கை விட்டு வெளியேறிய யூதர்கள். அமெரிக்கா இராக் மீது படையெடுத்த 2003ஐ ஒட்டி 'எதிரியின் சமையலறை' என்ற வேலையைத் தொடங்கினார். தாயாரோடு சேர்ந்து பாக்தாத் சமையல் குறிப்புகளைத் தொகுத்து, அமெரிக்கர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது. நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தியபோது, அவர்களில் சிலரின் உறவினர்கள் இராக்கில் சிப்பாய்களாக இருந்தார்கள். வெங்காயம் நறுக்கும்போது போர் பற்றிய பேச்சு தானாக வந்தது. 2012இல் சிகாகோவில் அது ஒரு உணவு வண்டி ஆனது. சமைத்தவர்கள் இராக்கிலிருந்து வந்த சமையற்காரர்கள். அவர்களுக்குக் கீழே எடுபிடியாகவும் பரிமாறுகிறவர்களாகவும் நின்றவர்கள் இராக்கில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள். சதாம் உசேனின் பீங்கான் தட்டுகளைப் போலச் செய்த காகிதத் தட்டுகளில் சாப்பாடு. படையெடுத்தவன் பரிமாறுகிறான், படையெடுக்கப்பட்டவன் அடுப்பை ஆள்கிறான். மூன்றாமவரின் இடம் இங்கே அரசியலாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. 'ஹோஸ்டிஸ்' என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே வண்டியில் ஏறிவிட்டன.

இரண்டாவது, திராவனிஜாவே. 2010 ஏப்ரல், மே மாதங்களில் பாங்காக் தெருக்களில் செஞ்சட்டைக்காரர்களின் போராட்டத்தை இராணுவம் நசுக்கியது. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் பாங்காக்கில் அவர் செய்த வேலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று குழம்புகள். தாய்லாந்துச் சமையலில் மூன்றும் சாதாரணம். ஆனால் சிவப்பு ஒரு கட்சி, மஞ்சள் அரச ஆதரவாளர்களின் கட்சி, பச்சை இராணுவம். சாப்பிடுகிறவர்களைச் சுற்றியுள்ள சுவர்களில் போராட்டக் காட்சிகளைக் கரிக்கோலால் வரைந்துகொண்டே இருப்பார்கள். எந்தக் குழம்பை எடுத்தாலும் ஒரு நிறத்தை எடுத்தாகணும். 2019இல் வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இது மறுபடி நடந்தது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. 1992இன் இனிய சோற்றுக்கு பிஷப் கேட்ட கேள்வியின் பதில், கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து அதே கலைஞரின் சட்டியிலிருந்தே வந்தது என்று நான் வாசிக்கிறேன்.

மூன்றாவது, ரஷீத் ஆராயீன். 1935இல் கராச்சியில் பிறந்து, பொறியியல் படித்து, 1964இல் லண்டன் போனவர். 'தேர்டு டெக்ஸ்ட்' இதழை 1987இல் தொடங்கியவர் என்ற முறையில் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு அவர் சொந்தக்காரர். 2017இல் ஏதென்ஸில், நகராட்சி மண்டபத்தின் எதிரில் இருக்கும் கொட்ஸியா சதுக்கத்தில், பாகிஸ்தான் கல்யாண வீட்டு ஷாமியானாவைப் போல வண்ணத் துணிப் பந்தல் போட்டு, இலவசமாகச் சாப்பாடு போட்டார். கடன் நெருக்கடியில் ஓய்வூதியம் வெட்டப்பட்ட கிரேக்க முதியவர்கள் வாழும் ஊர். 2015க்குப் பிறகு அகதிகள் வந்து சேர்ந்த ஊர். உலகக் கலைத் திருவிழாவான டாக்குமென்டாவைப் பார்க்க விமானத்தில் வந்தவர்கள் நிறைந்திருந்த நேரம். இவர்கள் ஒரே மேசையில், பக்கத்தில் யார் என்று தெரியாமல் உட்காரும்படி அமைப்பு. பந்தலுக்குச் சுவர் இல்லை. அருங்காட்சியகக் கட்டணம் இல்லை. தெருவில் போகிறவர் நின்று பார்க்கலாம். கல்யாணப் பந்தல்தான், ஆனால் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் இல்லாத கல்யாணம். வரிசையில் நிற்கணும், மேசைகளுக்கு ஒரு எண்ணிக்கை உண்டு, கண்காட்சி முடிந்தால் பந்தல் பிரிக்கப்படும். நிபந்தனை இங்கேயும் இருக்கிறது. அது பட்டப்பகலில், சதுக்கத்தின் நடுவில் இருக்கிறது.

6

நிர்மாணக் கலை என்று பேர் வைக்காமலே நாமும் இடங்களை நிர்மாணிக்கிறோம். தெருமுனை நிகழ்ச்சி, பட்டறை, இரண்டு நாள் கருத்தரங்கு, மத்தியானச் சாப்பாடு. மேடையில் விளிம்பு, மற்றமை, அதிகாரம் என்று பேசிக்கொண்டிருக்கிறபோது பின்பக்கம் இலை எடுப்பது யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டுரைகள் தொகுக்கப்பட்டுப் புத்தகமாகின்றன. சமைத்தவர் பேர் நன்றியுரையில், அதுவும் நேரமிருந்தால்.

ஆகவே இந்த வகைக் கலையை எதிர்கொள்ளும்போதும், இந்த வகையில் எதையாவது நாமே செய்யும்போதும் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று முன்வைக்கிறேன். வாசல் யாருடையது, அதைக் கடக்க என்ன விலை? உடம்பை எந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள், அதை மறுக்க இடம் இருக்கிறதா? கைமாறுகிற பொருள் வாங்கியவரிடம் முடிந்துபோகிறதா, அடுத்தவருக்குப் போகிறதா? பந்தியில் முரண்பட்டவர் உட்கார முடியுமா? சமைக்கிற கையும் கழுவுகிற கையும் படைப்புக்குள் இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா?

இவை அளவுகோல் அல்ல. ஐந்திலும் தேறுகிற வேலை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. லீ மிங்வேயின் குலுக்கல் சாப்பாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இடம். கொன்சாலஸ்-டோரஸின் மிட்டாயை நிரப்புகிறவரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆராயீனின் பந்தல் பிரிந்துவிட்டது. ஆனாலும் யூகெலஸ் 8,500 கைகளைத் தொட்டபின், விருந்தோம்பலைப் பற்றி இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தத்துவம் பேசிவிட முடியாது. அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் வரும்போது, கட்டுரை வாசித்தவர்களும் தலைமை தாங்கியவர்களும் முதலில் பரிமாறலாம். சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். அதற்குக் கலை என்று பேர் வைக்கிறோமா இல்லையா என்பதைச் சாப்பிட்டு முடித்தபின் விவாதிக்கலாம்.